மழை விட்ட பிறகு கத்தரி: சமவெளித் தோட்டத்தில் ரோஜாவுக்குக் கவாத்து

செங்கல்பட்டுக்கு அருகில் இருக்கும் எங்கள் வீட்டில் பதினேழு ரோஜாச் செடிகள் இருக்கின்றன. ஒன்பது செடிகள் தரையில் வளர்கின்றன, மற்றவை மாடியில் தொட்டிகளில் இருக்கின்றன. பன்னிரண்டு ஆண்டுகளாக இவற்றுடன் பழகியதில், ரோஜா வளர்க்கும் நண்பர்களிடம் நான் மீண்டும் மீண்டும் காண்பது ஒரே அச்சத்தைத்தான். நீர் ஊற்றுவார்கள், உரம் வைப்பார்கள், பூச்சிக்கு மருந்தும் தெளிப்பார்கள், ஆனால் கவாத்து என்று சொன்னால் மட்டும் கை நடுங்கும். பூத்துக்கொண்டிருக்கும் செடியை எப்படி வெட்டுவது என்று கேட்பார்கள். வெட்டாமல் விட்ட செடி இரண்டே ஆண்டுகளில் ஆள் உயரம் வளர்ந்து, அடியில் ஓர் இலைகூட இல்லாமல் வெறும் குச்சியாக நின்று, உச்சியில் மட்டும் சுண்டைக்காய் அளவுப் பூவைக் காட்டும்போது, உரம் போதவில்லை என்று எண்ணி இன்னும் உரம் வைப்பார்கள். அந்தச் செடிக்கு வேண்டியது கத்தரி.

ரோஜா தன் பூவைப் புதுக்கிளையில்தான் தருகிறது. நாம் பெரும்பாலும் வீட்டில் வளர்க்கும் ஹைப்ரிட் டீ (காம்புக்கு ஒன்றாகப் பெரிய பூ தரும் வகை), ஃப்ளோரிபண்டா (கொத்தாகப் பூக்கும் வகை), பட்டன் ரோஜா, பன்னீர் ரோஜா ஆகிய எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். இலைக்காம்பு தண்டோடு சேரும் இடத்தில் சிறு புடைப்பாக ஒரு மொட்டு ஒளிந்திருக்கும். அதைத் தோட்ட வேலை செய்பவர்கள் ‘கண்’ என்பார்கள். கிளையின் நுனி வளர்ந்துகொண்டிருக்கும்வரை அங்கிருந்து ஆக்சின் என்னும் வளர்ச்சி ஊக்கி கீழ்நோக்கி இறங்கி, கீழே இருக்கும் கண்களை விழிக்க விடாமல் அடக்கி வைக்கிறது. நுனியை நீக்கினால் அந்தத் தடை நீங்குகிறது, வெட்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும் இரண்டு மூன்று கண்கள் சில நாள்களிலேயே சிவந்து புடைக்கின்றன. எந்தக் கண் விழிக்க வேண்டும், அது எந்தத் திசையில் போக வேண்டும், எத்தனை கிளைகளுக்குச் செடி தன் சாற்றைப் பங்கிட வேண்டும் என்பதைத் தீர்மானிப்பதே கவாத்து. இது புரிந்துவிட்டால் எங்கே வெட்டுவது என்ற கேள்விக்குப் பாதி விடை கிடைத்துவிடும்.

எப்போது வெட்டுவது என்பது இதைவிடக் கடினமான கேள்வி. குளிர்நாட்டுத் தோட்ட நூல்களை வைத்துக்கொண்டு இதற்கு விடை தேடக் கூடாது. அந்நாடுகளில் ரோஜா குளிர்காலத்தில் இலை உதிர்த்து உறங்குகிறது, உறக்கம் கலையும் வேளையில் வெட்டுகிறார்கள். நம் சமவெளியில் ரோஜா உறங்குவதே இல்லை. ஆண்டு முழுவதும் இலையோடு நிற்கிறது, ஆண்டு முழுவதும் ஏதேனும் ஒரு கிளையில் பூவும் இருக்கிறது. ஆகவே, செடி தானாக ஓய்வெடுக்கும் பருவம் என்று ஒன்று இங்கே கிடையாது, வானிலையைப் பார்த்து நாம்தான் அதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். தமிழ்நாட்டில் அக்டோபர் முதல் டிசம்பர் வரை கவாத்து செய்யலாம் என்பது வேளாண் துறையினரின் பொதுவான பரிந்துரை. ஓசூர், கோயம்புத்தூர் போன்ற பகுதிகளுக்கு அது நன்றாகவே பொருந்துகிறது. கடலோரத்தை ஒட்டிய எங்கள் பகுதியிலோ, அந்த மூன்று மாதங்களும் வடகிழக்குப் பருவமழையின் மாதங்கள்.

இதை நான் ஒரு செடியைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். பொங்கலன்று வாசலில் சொந்தத் தோட்டத்துப் பூ இருக்க வேண்டும் என்ற ஆசையில், வெட்டியதிலிருந்து பூ வர ஏறத்தாழ 45 நாள் ஆகும் என்று பின்னோக்கிக் கணக்கிட்டு, ஓர் ஆண்டு நவம்பர் கடைசி வாரத்தில் எல்லாச் செடிகளையும் வெட்டினேன். கணக்கில் பிழை இல்லை. ஆனால், வெட்டிய மறுநாள் தொடங்கிய மழை ஐந்து நாள் ஓயவில்லை. ஈரம் காயாத வெட்டுமுகங்கள் வழியே பூசணம் இறங்கியது. முதலில் நுனி கறுத்தது, பிறகு கறுப்பு ஒவ்வொரு கணுவாகக் கீழே இறங்கியது. நுனிக்கருகல் என்பது இதுதான். கறுத்த பகுதிக்குக் கீழே மறுபடி வெட்டினேன், அந்த வெட்டும் நனைந்தது, அதுவும் கறுத்தது. அடர்சிவப்பில் பூக்கும் ஒரு ஹைப்ரிட் டீச் செடி, நான்கு ஆண்டுகள் வளர்ந்த செடி, ஒட்டுக்கட்டிய இடம்வரை கருகி இறந்தது. அன்று முதல் நாள்காட்டியைப் பார்த்து நான் கவாத்து செய்வதில்லை. மழை விட்டு, தொடர்ந்து நான்கைந்து நாள் காலை வெயில் அடித்து, மண்ணின் மேற்பரப்பு காயத் தொடங்கிய பிறகே கத்தரியை எடுக்கிறேன். எங்கள் ஊரில் அது மார்கழியின் பிற்பகுதியாகவோ தையின் தொடக்கமாகவோ அமைகிறது. பொங்கலுக்குப் பூ கிடைப்பதில்லை, ஆனால் மாசி முழுவதும் கிடைக்கிறது, இரவு வெப்பம் 20 டிகிரி செல்சியஸை ஒட்டி இருக்கும் அந்த நாள்களில் மலரும் பூவின் அளவும் நிறமும் ஆண்டின் வேறு எந்த மாதத்திலும் வருவதில்லை.

நாளைப் பின்னோக்கி எண்ணும் இந்த முறையைத் தொழிலாகவே செய்பவர்கள் ஓசூர்ப் பகுதியின் பசுமைக்குடில் விவசாயிகள். பிப்ரவரி 14 காதலர் தினச் சந்தைக்குப் பூ அனுப்புவதற்காக, தாஜ்மஹால் போன்ற சிவப்பு ரகங்களை அவர்கள் டிசம்பரிலேயே வெட்டிவிடுகிறார்கள். குடிலின் கூரை மழையிலிருந்து காப்பதால் அவர்களால் அந்த அளவுக்குத் துல்லியமாகத் திட்டமிட முடிகிறது. உதகையில் 1995-இல் தொடங்கப்பட்ட ரோஜாப் பூங்காவிலோ, மே மாதக் கோடை விழாவைக் கருதி ஆண்டின் தொடக்கத்தில் கவாத்து செய்கிறார்கள். மலைக்குளிரில் துளிர் மெதுவாகவே வளரும், அதனால் சமவெளியைவிடக் கூடுதல் நாள் வேண்டியிருக்கிறது. ஒரே மாநிலத்திற்குள்ளேயே இவ்வளவு வேறுபாடு இருக்கும்போது, யாரோ சொன்ன தேதியை அப்படியே பின்பற்றுவதில் பயனில்லை. கோடையில் கடுங்கவாத்து வேண்டாம் என்பது மட்டும் நம் சமவெளி முழுவதற்கும் பொது. சித்திரை வெயிலில் வெட்டினால், அதுவரை இலை நிழலில் இருந்த தண்டின் பட்டை வெயிலில் வெந்து வெடிக்கும், வரும் தளிரும் கருகும். பெங்களூரு வட்டாரத்தில் ஜூனிலும் நவம்பரிலும் இரண்டு முறை வெட்டும் வழக்கம் உண்டு. நானும் கத்திரி வெயில் முடிந்து ஒரு கோடை மழை பெய்த பிறகு, ஆனி மாதத்தில், நுனியிலிருந்து மூன்றில் ஒரு பங்கு மட்டும் இலேசாக எடுத்துவிடுவேன்.

கருவியைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. இரண்டு வளைந்த அலகுகள் ஒன்றையொன்று உரசிக் கடந்து செல்லும் கவாத்துக் கத்தரியையே வாங்குங்கள். ஒரு கூர்முனை தட்டையான தகட்டின் மேல் வந்து அழுந்தும் வகை, உயிருள்ள தண்டை நசுக்கிவிடும். துணி வெட்டும் கத்தரியும் காய்கறிக் கத்தியும் இந்த வேலைக்கு ஆகா. ஒரு செடியிலிருந்து அடுத்த செடிக்குப் போகும்போது, மருந்துக் கடையில் கிடைக்கும் ஸ்பிரிட்டில் நனைத்த பஞ்சினால் அலகைத் துடைத்துவிடுங்கள். கருகல் நோயை ஒரு செடியிலிருந்து மற்றொரு செடிக்குக் கொண்டுபோவது பெரும்பாலும் நம் கத்தரிதான். முழங்கைவரை மூடும் தடித்த கையுறையும் வேண்டும்.

இனி வெட்டும் முறை. செடியின் முன் நின்றதும் உயரத்தைக் குறைக்கத் தொடங்குவதே பலர் செய்யும் தவறு. முதலில் குனிந்து அடியைப் பாருங்கள். காய்ந்த கிளைகளை முழுமையாக நீக்க வேண்டும். காய்ந்ததா இல்லையா என்ற ஐயம் இருந்தால் நகத்தால் பட்டையை இலேசாகக் கீறினால் போதும், உள்ளே பச்சை தெரிந்தால் உயிர் இருக்கிறது. அடுத்து நோயுற்ற கிளைகள். வெட்டுமுகத்தின் நடுவில் இருக்கும் நெட்டி வெண்மையாகவோ வெளிர்பச்சையாகவோ தெரியும்வரை கீழே இறங்கி வெட்டிக்கொண்டே வர வேண்டும். நெட்டி பழுப்பாக இருக்கும் இடத்தில் நிறுத்தினால் கருகல் உள்ளேயே தங்கிவிடும். பழைய தண்டுகளில் வெள்ளைப் பொருக்குப் போல ஒட்டியிருக்கும் செதில் பூச்சியும் இந்த வேளையில்தான் கண்ணில் படும். மிகுதியாகத் தாக்கப்பட்ட தண்டை அடியோடு எடுத்துவிடுவதும், மற்றவற்றைப் பழைய பல் தூரிகையால் தேய்த்துத் தூய்மை செய்வதும் நல்லது. பிறகு ஒன்றோடொன்று உரசும் கிளைகளில் வலிமை குறைந்ததையும், செடியின் நடுப்பகுதியை நோக்கி உள்ளே வளரும் கிளைகளையும், பென்சிலைவிட மெல்லிய குச்சிகளையும் நீக்க வேண்டும். கடைசியில் நான்கு முதல் ஆறு வரை நல்ல தண்டுகள், ஒரு கிண்ணத்தின் விளிம்பைப் போல வட்டமாக, நடுவில் காற்றும் வெயிலும் புகும்படி நிற்க வேண்டும். கரும்புள்ளி நோயும் சாம்பல் நோயும் காற்றோட்டமில்லாத நெரிசலில்தான் பெருகுகின்றன. என் அனுபவத்தில் கவாத்தின் நன்மையில் பெரும்பகுதி இந்த முதற்கட்டத்திலேயே கிடைத்துவிடுகிறது.

இதற்குப் பிறகே உயரம். எஞ்சியிருக்கும் தண்டு ஒவ்வொன்றிலும், செடிக்கு வெளிப்புறம் நோக்கிய ஒரு கண்ணைத் தேர்ந்தெடுத்து, அதற்குக் கால் அங்குலம் மேலே, கண்ணின் பக்கம் மேடாகவும் எதிர்ப்பக்கம் தாழ்வாகவும் சற்றுச் சாய்வாக வெட்ட வேண்டும். மிக நெருக்கமாக வெட்டினால் கண் காய்ந்துவிடும், தள்ளி வெட்டினால் மேலே எஞ்சும் துண்டு பட்டுப்போய் அதன் வழியே கருகல் இறங்கும். சாய்வு எத்தனை பாகை இருக்க வேண்டும் என்று சிலர் மிகவும் கவலைப்படுகிறார்கள். இங்கிலாந்தின் ரோஜாச் சங்கத்தார் முன்பு நடத்திய ஒப்பீட்டுச் சோதனையில், கண் பார்த்து முறையாக வெட்டிய செடிகளுக்குச் சற்றும் குறையாமல், வேலி வெட்டும் கருவியால் ஒரே மட்டமாக வெட்டப்பட்ட செடிகளும் பூத்தன. அதனால் சாய்வு ஒரு சில பாகை மாறிவிட்டது என்று யாரும் வருந்த வேண்டாம். எனினும் கண்ணைப் பார்த்து வெட்டும் வழக்கத்தை நான் விடவில்லை. நம் ஈரக் காற்றில் பட்டுப்போன துண்டுகள் செடியில் தங்குவது நல்லதன்று, மேலும் தொட்டியில் இருக்கும் சிறு செடிக்குக் கிளையின் திசை மிகவும் முக்கியம்.

எவ்வளவு உயரம் விடுவது? நன்கு வளர்ந்த ஹைப்ரிட் டீச் செடியில் உயரத்தில் பாதியை எடுக்கலாம். நான்கு அடி வளர்ந்திருந்தால் இரண்டு அடியில் நிறுத்துகிறேன். குளிர்நாட்டு முறைப்படி தரைக்குச் சாண் உயரத்தில் வெட்டினால் பூ பெரிதாக வரும் என்று சொல்வதைக் கேட்டிருக்கிறேன். உறங்கும் செடி உணவை வேரிலும் தண்டிலும் சேமித்து வைத்திருக்கும், ஆகவே அந்த வெட்டைத் தாங்கும். நம் செடி அன்றாடம் இலையில் சமைத்து அன்றாடம் உண்பது, அதன் இலை முழுவதையும் தண்டில் பெரும்பகுதியையும் ஒரே நாளில் எடுத்துவிட்டால் மீள்வதற்கு மிகவும் துன்பப்படும். எனவே கீழ்ப்பகுதியில் இருக்கும் நோயில்லாத இலைகளை நான் அப்படியே விட்டுவிடுகிறேன். கொத்தாகப் பூக்கும் ஃப்ளோரிபண்டாவில் மூன்றில் ஒரு பங்கு எடுத்தால் போதும், அதில் மெல்லிய கிளையும் பூக்கும் என்பதால் பென்சில் கணக்கைக் கண்டிப்பாகப் பார்க்க வேண்டியதில்லை. பட்டன் ரோஜாவை உருண்டையாகத் தலை வாருவது போல மேலோட்டமாக வெட்டினாலே நன்றாகப் பூக்கிறது. பன்னீர் ரோஜா என்று நாம் அழைக்கும் எட்வர்டு ரோஜா எல்லாவற்றையும்விடப் பொறுமைசாலி. பாதிக்கு வெட்டலாம், மூன்று நான்கு ஆண்டுகளான முதிர்ந்த தண்டுகளில் ஆண்டுக்கு ஒன்றிரண்டை அடியோடு எடுத்துப் புதிய தண்டுகளுக்கு இடம் விட்டால், முதிர்ந்த செடியும் இளமையாகவே இருக்கும்.

கொடி ரோஜாவுக்கு மட்டும் இந்த விதிகள் எதுவும் செல்லா. நட்ட முதல் இரண்டு ஆண்டுகள் அதன் முதன்மைத் தண்டுகளைத் தொடவே கூடாது. நேராக மேலே ஏற விடாமல், பந்தலிலோ சுவரிலோ அவற்றைப் படுக்கைவசமாக வளைத்துக் கட்ட வேண்டும். தண்டு படுத்திருக்கும்போது நுனியின் ஆதிக்கம் குறைந்து, நீளம் முழுவதும் இருக்கும் கண்கள் விழித்துப் பக்கக்கிளை விடும், பூ அந்தப் பக்கக்கிளைகளில்தான் வரும். பூத்து முடிந்த பக்கக்கிளைகளை மட்டும் இரண்டு அல்லது மூன்று கண் விட்டு வெட்டினால் போதும்.

கவாத்தின்போது அடிப்பகுதியில் தவறாமல் தேட வேண்டிய ஒன்று உண்டு. நாம் நாற்றுப்பண்ணையில் வாங்கும் செடிகளில் பெரும்பாலானவை, காட்டு ரோஜா வகையின் வேர்ச்செடி மீது கண் வைத்து ஒட்டியவை. ஒட்டுக்கட்டிய இடம் அடித்தண்டில் ஒரு முண்டு போலத் தெரியும். அந்த முண்டுக்குக் கீழேயிருந்து கிளம்பும் போத்து வேர்ச்செடியுடையது. அது மிக வேகமாக வளரும், செழிப்பாக இருக்கும், பூக்காது அல்லது சிறு காட்டுப்பூவைத் தரும், ஓரிரு ஆண்டில் ஒட்டுச்செடியை நெரித்துக் கொன்றுவிடும். “முன்பு சிவப்பாகப் பூத்த செடி இப்போது வெறும் இலையாக வளர்கிறது” என்று யாராவது சொன்னால், நடந்தது இதுதான். ஏழு சிற்றிலை இருந்தால் காட்டுப் போத்து என்று பரவலாகச் சொல்லப்படும் அடையாளத்தை நம்ப வேண்டாம், நல்ல ரகங்கள் பலவற்றிலும் ஏழு சிற்றிலை வரும். அந்த அடையாளத்தை நம்பி, முண்டுக்கு மேலேயிருந்து வந்த அருமையான புதுத்தண்டுகளை வெட்டி எறிந்தவர்களை நான் அறிவேன். போத்து எங்கிருந்து கிளம்புகிறது என்பதை மண்ணை விலக்கிப் பாருங்கள், முண்டுக்குக் கீழே என்றால் கத்தரியால் வெட்டாமல், புறப்படும் இடத்தில் பிடித்துக் கீழ்நோக்கி இழுத்துப் பிய்த்துவிடுங்கள். வெட்டினால் அடியில் எஞ்சும் கண்கள் இரண்டு மூன்றாகக் கிளைக்கும்.

வெட்டி முடித்த அன்றே வெட்டுமுகங்களுக்கு மருந்து பூச வேண்டும். நான் போர்டோ பசையைப் பயன்படுத்துகிறேன். பிரான்சின் போர்டோ பகுதித் திராட்சைத் தோட்டங்களில் பூசண நோய்க்கு 1880-களில் கண்டறியப்பட்ட மருந்து இது, இன்றும் இதைவிட மலிவான காப்பு எனக்குக் கிடைக்கவில்லை. 100 கிராம் மயில்துத்தத்தை அரை லிட்டர் நீரிலும், 100 கிராம் சுட்ட சுண்ணாம்பை அரை லிட்டர் நீரிலும் தனித்தனியாகப் பிளாஸ்டிக் வாளிகளில் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் சிறிது சிறிதாக ஊற்றிக் கலக்க வேண்டும். இரும்பு, அலுமினியப் பாத்திரம் கூடாது. ஓர் இரும்பு ஆணியைக் கலவையில் சற்று நேரம் வைத்து எடுக்கும்போது அதில் செம்பு நிறம் படிந்திருந்தால், சுண்ணாம்பு போதவில்லை என்று பொருள். சிறு தூரிகையால் ஒவ்வொரு வெட்டுமுகத்திலும் தொட்டு வைத்தால் போதும், கண்ணின் மேல் அப்பிவிடக் கூடாது. நான்கைந்து செடி மட்டும் வைத்திருப்பவர்கள் காப்பர் ஆக்சிகுளோரைடு தூளை நீரில் குழைத்துப் பூசலாம். பசுஞ்சாணத்தை வெட்டுமுகத்தில் வைக்கும் பழக்கமும் நம் ஊர்களில் இருக்கிறது. நான் அதைச் செய்வதில்லை, ஈரத்தை அது பிடித்து வைத்துக்கொள்கிறது.

அடுத்த இரண்டு வாரங்களில் செடிகள் கருகலால் அன்றி நம் அன்பினாலேயே சாகின்றன. இலை குறைந்துவிட்ட செடி முன்பு போல நீர் உறிஞ்சாது. அது புரியாமல் தொட்டிக்குத் தினமும் நீர் ஊற்றினால் வேர் அழுகும். விரலை ஓர் அங்குலம் மண்ணில் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டுமே ஊற்றுங்கள். உரத்தையும் வெட்டிய அன்றே கொட்ட வேண்டாம். கண்கள் சிவந்து புடைத்த பிறகு, தரையில் உள்ள செடிக்கு நன்கு மக்கிய தொழு உரம் ஒரு கூடையும், தொட்டிக்கு மண்புழு உரம் இரண்டு கையளவும், அதனுடன் ஒரு பிடி வேப்பம் பிண்ணாக்கும் மண்ணைக் கிளறி வைக்கிறேன். வேரைத் தோண்டி வெளியே தெரியவிட்டு ஒரு வாரம் வெயிலில் காய வைக்கும் பழைய முறையை, எங்கள் மணற்பாங்கான மண்ணில் நான் ஒருபோதும் செய்ய மாட்டேன். தளிர் இரண்டு அங்குலம் வளரும் வேளையில் இலைப்பேனும் அசுவினியும் வரும் என்பதால், தளிரின் நுனியை அன்றாடம் காலையில் திருப்பிப் பார்ப்பது நல்லது. ஒரு கண்ணிலிருந்து இரண்டு மூன்று தளிர்கள் சேர்ந்து வந்தால், வலிமையானதை விட்டுவிட்டு மற்றவற்றை விரலால் கிள்ளிவிடுங்கள்.

ஆண்டுக் கவாத்துக்கு இடைப்பட்ட மாதங்களில் செய்யும் சிறு கவாத்தும் இதே அளவுக்கு முக்கியமானது. வாடிய பூவைக் காம்போடு கிள்ளி எறிவதோடு பலர் நின்றுவிடுகிறார்கள். பூவுக்கு அடுத்துக் கீழே இருக்கும் இலைகளில் மூன்று சிற்றிலைகளே இருக்கும், அவற்றின் கண்கள் வலுவற்றவை, அங்கிருந்து வரும் கிளை மெலிந்து, பூவும் சிறுக்கும். ஐந்து சிற்றிலை கொண்ட முதல் இலைவரை, அதிலும் வெளிப்புறம் நோக்கிய இலைவரை இறங்கி வெட்டினால், அடுத்த பூ முந்தைய பூவுக்கு நிகராக வரும். புதிதாக நட்டு ஓராண்டு ஆகாத செடியில் மட்டும் அவ்வளவு இறங்காமல், இலைகளைக் கூடுமானவரை செடியிலேயே விட்டுவைக்க வேண்டும்.

வெட்டிய கிளைகளில் நோயுற்றவற்றையும் உதிர்ந்த இலைகளையும் எரு குழியில் போடாமல் அப்புறப்படுத்துங்கள், கரும்புள்ளிப் பூசணம் அந்த இலைகளில்தான் காத்திருக்கும். பன்னீர் ரோஜாவின் நல்ல குச்சிகளை மட்டும் நான் எறிவதில்லை. அந்த ரகம் ஒட்டு இல்லாமல் சொந்த வேரிலேயே நன்றாக வளரும் என்பதால், பென்சில் பருமனுள்ள குச்சிகளைச் சாண் நீளத்துக்கு நறுக்கி, கீழ்வெட்டு ஒரு கணுவுக்குச் சற்றுக் கீழே இருக்கும்படி பார்த்து, மணலும் செம்மண்ணும் கலந்த பைகளில் பாதி அளவு புதைத்து, கொய்யா மர நிழலில் வைக்கிறேன். இந்தத் தையில் வைத்த பன்னிரண்டு குச்சிகளில் ஏழு துளிர்த்திருக்கின்றன. வேர் பிடித்ததும் அவற்றில் மூன்றைப் பக்கத்து வீட்டு அக்காவுக்குத் தருவதாகச் சொல்லியிருக்கிறேன்.